நடவுக்கு வந்தவர் எந்த ஊர்?

கேள்வி:

காட்டுமன்னார்கோவில் பக்கம் எனக்கு மூன்று காணி நிலம். வீராணம் பாசனம், சம்பா ஒரு போகந்தான். நான்கு வருடமாக நடவுக்கு மேற்கு வங்காளத்து ஆட்களைத்தான் மேஸ்திரி மூலம் கூப்பிடுகிறேன். விடிந்ததும் வயலில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் நாற்றையும் பறித்து நடவையும் முடித்துவிடுகிறார்கள். காணிக்கு இவ்வளவு என்று பேசி, கணக்கு நோட்டில் ‘பெங்கால் ஆள் 14’ என்று எழுதி, பணத்தை மேஸ்திரி கையில் கொடுத்துவிடுவேன்.

இந்த வருடம் ஊரில் பேச்சு மாறிவிட்டது. டீக்கடையில் ஒரு பையன் செல்போனைக் காட்டி, “இவங்க எல்லாம் பங்களாதேஷ்காரங்க, வேலை கொடுத்தா உங்களையும் சேர்த்து உள்ளே வைப்பாங்க” என்கிறான். இன்னொரு பக்கம் எங்கள் ஊர் நடவுப் பெண்கள், “எங்க வயித்துல அடிச்சிட்டு வடக்கத்தி ஆளுக்குக் கொடுக்கிறீங்களே” என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரரோ, “நூறு நாள் வேலைக்குப் போனவங்க நம்மளைக் கேட்க என்ன இருக்கு?” என்கிறார். என் தம்பி மலேசியாவில் விசா இல்லாமல் மூன்று வருடம் மாட்டிக்கொண்டு, பொதுமன்னிப்பில் திரும்பி வந்தவன். அவன் மட்டும், “அண்ணே, அவங்களை ஒன்னும் சொல்லாதே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இவர்கள் இந்தியர்தானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது, தவறினால் எனக்குத் தண்டனை உண்டா? சட்டப்படி நான் அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வது?

– ஒரு விவசாயி, காட்டுமன்னார்கோவில் வட்டம், கடலூர் மாவட்டம்

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் வருகிற ஒரு வரி: ‘பெங்கால் ஆள் 14.’ அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

மேற்கு வங்காளம் இந்தியாவின் ஒரு மாநிலம். முர்ஷிதாபாத்திலிருந்தோ மால்டாவிலிருந்தோ ஒருவர் சிதம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி உங்கள் வயலுக்கு வருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்று அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. லால்பேட்டை இளைஞர் மும்பையில் கடை வைப்பதும், நெய்வேலிப் பெண் பெங்களூரில் வேலை பார்ப்பதும் அதே உரிமையில்தான்.

குழப்பம் மொழியால் வருகிறது. இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் இடையே 4,096 கிலோமீட்டர் எல்லை. அதில் பாதிக்கு மேல் மேற்கு வங்காளத்தை ஒட்டியது. கோட்டின் இரண்டு பக்கமும் பேசுவது வங்காளிதான். பெயர்கள் ஒன்று, சாப்பாடு ஒன்று. ராமேசுவரத்து மீனவரையும் தலைமன்னார் மீனவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, பேச்சை மட்டும் கேட்டு எவர் எந்த நாட்டுக்காரர் என்று ஒரு வங்காளியால் சொல்ல முடியுமா? டீக்கடைப் பையனுக்கும் அதே நிலைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் நிலத் திட்டுகளை மாற்றிக்கொண்டன. பங்களாதேஷுக்குள் தீவுபோல் கிடந்த 111 இந்தியத் திட்டுகள் அந்த நாட்டுக்குப் போயின; இந்தியாவுக்குள் கிடந்த 51 திட்டுகள் நமக்கு வந்தன. அந்த 51 திட்டுகளில், கூச் பிகார் பக்கம் வாழ்ந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே இந்தியர் ஆனார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தால், அவருடைய குடியுரிமை உங்களுடையதற்கோ என்னுடையதற்கோ ஒரு மாற்றுக் குறைந்ததில்லை.

ஆனால், ‘எல்லாம் வதந்தி’ என்று சொல்லி இதைத் தள்ளிவிட மாட்டேன். எல்லையைச் சட்டவிரோதமாகத் தாண்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பல்லடம் பக்கம் பங்களாதேஷைச் சேர்ந்த பலரை நம் காவல்துறை கைது செய்தது. தன் எல்லைக்குள் யார் வருகிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அது கடமையும்கூட. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் நுழைகிறவருக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. போலி பாஸ்போர்ட், போலி விசாவைத் தெரிந்தே பயன்படுத்தினாலும் கொடுத்தாலும் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை.

சந்தேகப்பட்டவரை விசாரித்து முடிவு செய்யும் வேலையைச் சட்டம் அரசு அதிகாரிகளிடம் கொடுத்திருக்கிறது. நீங்களோ நானோ ஊர்ப் பஞ்சாயத்தோ அதைக் கையில் எடுக்க முடியாது. அதிகாரிகளே அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மையில் ஒரு சாட்சி இருக்கிறது. 2025 ஜூனில், பீர்பூம் மாவட்டத்திலிருந்து டெல்லிக்குப் பிழைக்கப் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பங்களாதேஷி என்று பிடித்துக் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர்களைத் திரும்பக் கொண்டுவர உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தப் பெண்ணும் சிறுவனான அவர் மகனும் டிசம்பரில்தான் ஊர் திரும்பினார்கள். நிறைமாதம் நெருங்கிய ஒரு பெண் அரை வருடம் அந்நிய மண்ணில் கிடந்தார். போலீஸ், ஆவணம், அலுவலகம் எல்லாம் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், செல்போன் வீடியோவை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் எங்கே போய் முடியும்?

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? வந்த ஒவ்வொருவரிடமும் ஆதாரும் வாக்காளர் அட்டையும் கேட்டுப் பாருங்கள். ஆதார் அட்டையில் உள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் அட்டை உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ஆனால் ஆதார் ஒருவரின் அடையாளத்துக்கு மட்டுமே சான்று. குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. வாக்காளர் அட்டை குடிமக்களுக்கு மட்டும் தரப்படுவது. அதனால்தான் இரண்டையும் கேட்கச் சொல்கிறேன். ஊர், மாவட்டம், வீட்டில் பேசக்கூடிய ஒரு செல்போன் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அசல் அட்டைகளைப் பார்த்தவுடன் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘வேலை முடியும்வரை என்னிடம் இருக்கட்டும்’ என்று வாங்கி வைப்பது பெருந்தவறு. அட்டையை வைத்துக்கொள்வது ஆளைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

இவ்வளவும் நல்லெண்ணத்தோடு செய்து எழுதி வைத்திருந்தால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. உண்மையிலேயே சந்தேகம் வந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். உங்கள் பொறுப்பு அங்கே முடிகிறது. எவரையும் கொட்டகையில் பூட்டி வைக்கவோ, மறித்து நிறுத்தவோ, அடிக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். அடைபட்டவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அது குற்றம்தான். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பியது நினைவிருக்கும். வீடியோ பொய், ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்களின் பயம் மெய். அந்தப் பையனிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979இல் வந்த தனிச்சட்டத்தின் இடத்தில் இப்போது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்புச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புகளில் அது ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத்தவர் வேலை செய்யும் இடங்களுக்கு, ஊர் போய்வரும் பயணப்படி உள்ளிட்ட சில கடமைகளை அது வைக்கிறது. இந்தச் சட்டம் சிறு விவசாயியின் வயலைத் தொடுமா, மேஸ்திரியைத்தான் பிடிக்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். வாதத்துக்கே இடமில்லாத ஒன்று குறைந்தபட்சக் கூலி. விவசாய வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலிக்குக் கீழே எவருக்கும் கொடுக்கக்கூடாது. உள்ளூர், வெளியூர், ஆண், பெண் என்ற பேதம் அதில் கிடையாது.

நீங்கள் மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்கும் பணத்தில் வயலில் குனிந்து நின்றவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று என்றைக்காவது கேட்டீர்களா? பலருக்கு ஊரிலேயே முன்பணம் கொடுத்துத்தான் அழைத்து வருகிறார்கள். ‘முன்பணம் தீரும்வரை போகக்கூடாது’ என்று ஒருவரைப் பிடித்து வைத்தால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். அதைப் பற்றி முறையிட வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம். அதனால் முடிந்தவரை அவரவர் கையிலோ வங்கிக் கணக்கிலோ பணத்தைப் போடுங்கள். மேஸ்திரியின் பங்கு எவ்வளவு என்பதை எல்லோர் முன்னாலும் பேசிவிடுங்கள். தங்குவதற்கு ஓட்டை இல்லாத கூரை, குடிநீர், கழிப்பறை, ராத்திரி வெளிச்சம் – இவை தயவு கணக்கில் சேராது. பாம்பு தீண்டினால் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதையும் முதல் நாளே அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். மொழி தெரியாதவருக்கு அது உயிர் போகிற விஷயம். ரேஷன் அட்டை வைத்திருந்தால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே அரிசி வாங்கலாம் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கிறது, ஐயா. உங்கள் ஊர்ப் பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி.

எல்லோரும் ஆள் பஞ்சம் என்கிறோம். நம் கடைமடையில் இருப்பது நாள் பஞ்சம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கீழணை வந்து, வடவாறு வழியாக வீராணத்தை நிரப்பி, உங்கள் வாய்க்காலைத் தொடும்போது காலம் பிந்திவிடுகிறது. நாற்று முற்றுவதற்குள் நட வேண்டும். ஐப்பசி அடைமழை வயலை மூழ்கடிப்பதற்குள் பயிர் வேர் பிடித்து நிமிர வேண்டும். காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி என்று அத்தனை வயலும் அதே இரண்டு மூன்று வாரத்தில் நடவு கேட்கிறது. அந்த வாரங்களில் எத்தனை ஆள் இருந்தாலும் போதாது. அது தாண்டினால் அதே பெண்களுக்கு வேலையே இல்லை. நடவுக் கூலியை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வருடம் முழுவதும் எப்படி வாழும்? நூறு நாள் வேலைக்குப் போனார்கள் என்று குறை சொல்கிறவர், மீதி இருநூற்று அறுபத்தைந்து நாளை யார் கொடுத்தார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 டிசம்பரில் வந்த புதிய ஊரக வேலைச் சட்டம், விதைப்பு, அறுவடைக் காலங்களில் அந்த வேலையை 60 நாள் வரை நிறுத்திவைக்க இடம் கொடுத்திருக்கிறது. இனி அந்தக் குறையும் நிற்காது.

இப்போது உங்கள் கூலிக் கணக்கைப் பாருங்கள். வங்காளத்து ஆட்களுக்குக் காணிக்கு இவ்வளவு என்று குத்தகைக் கூலி. உள்ளூர்ப் பெண்களுக்கு நாள் கூலி. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘அவன் ஒரே நாளில் முடிக்கிறான், இவர்கள் மதியமே கரையேறுகிறார்கள்’ என்று சொல்வது சரியான ஒப்பீடு ஆகாது. அதே காணிக் கூலியை முதலில் ஊர்ப் பெண்களிடம் பேசிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழுவாக எடுக்கட்டும். நாற்றுப் பறிக்கவும் முடி சுமக்கவும் அவர்கள் வீட்டு ஆண்களும் வரட்டும். அவர்களால் முடிகிற காணியை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு வெளியாட்களைக் கூப்பிடுங்கள். கூலி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நடவு இயந்திரத்தை வேளாண் பொறியியல் துறையிடம் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், தண்ணீரும் சன்னமாக நிற்க வேண்டும். பள்ளக்காலில் இயந்திரம் புதைந்துவிடும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

கூலி ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கொள்ளிடத்துக்குத் தெற்கே போனால் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட உள்ளூர் விவசாயத் தொழிலாளர்களை மடக்க நிலவுடைமையாளர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அதில் மூண்ட பகை 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்களை ஒரு குடிசையில் எரித்தது. அதன்பிறகுதான் விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையமும், 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. அன்று வெளியூர் ஆள் என்றால் பக்கத்து ஊர்க்காரர். இன்று அவர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறார். ஒருவர் வயிற்றைக் காட்டி இன்னொருவர் கூலியைக் குறைக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1942 முதல் 1964 வரை ‘பிரசேரோ’ என்ற திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கான விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். வந்தவர் ஒப்பந்தம் போட்ட முதலாளியை விட்டு வேறு இடம் போக முடியாது. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்து சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். பலருக்கு அது திரும்பவே இல்லை. வாய் திறக்க முடியாத ஆள் பக்கத்தில் இருக்கும்வரை உள்ளூர்த் தொழிலாளியின் வாயும் எடுபடவில்லை. திட்டம் முடிந்த மறு ஆண்டே, 1965இல், கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மெக்சிகோ வழித் தொழிலாளர்களும் சில நாளில் சேர்ந்துகொண்டார்கள். இன்றும் அங்கே பயிர்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு முறையான அனுமதி இல்லை. எல்லையில் சுவர் கட்டு என்ற குரலும், அதே ஆட்களை நம்பி நடக்கும் அறுவடையும் ஒரே நாட்டில் இருக்கின்றன. பயந்த ஆள் மலிவான ஆள். அந்த மலிவுதான் உள்ளூர்க்காரரின் கூலியையும் கீழே இழுக்கிறது. உங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதற்குள்தான் இருக்கிறது: வங்காளத்துக்காரருக்கு முழுக் கூலி கிடைப்பது அவர்களுக்கும் காவல்.

கடைசியாக உங்கள் தம்பி. அவர் ஏன் எழுந்து போனார் என்று எனக்குப் புரிகிறது. நம் கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து மலேசியா போய், ஏஜென்ட் காட்டிய வேலை கிடைக்காமல், விசா முடிந்து தோட்டத்திலும் உணவகத்திலும் ஒளிந்து வேலை செய்தவர்களின் வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் நுழைந்தவருக்குச் சிறையோடு ஆறு பிரம்படி வரை உண்டு. கையில் காகிதம் இல்லாதவரை அங்கே ‘கோசோங்’ என்பார்கள். மலாயில் அதற்கு ‘வெறுமை’ என்று பொருள். மூன்று வருடம் உங்கள் தம்பி ஒரு முதலாளியின் கணக்கில் பெயரில்லாத வெறுமையாக இருந்திருக்கிறார்.

அதற்கும் முன்னால், நம் தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து உழைத்தவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் அவர்கள் எல்லோர் மேலும் விழுந்தது. தோணியையே கண்ணால் காணாத குழந்தைகள் மேலும் விழுந்தது. 1964 அக்டோபரில் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பேசி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எண்களைப் பிரித்தார்கள், குடும்பங்கள் பிரிந்தன. மொழியையும் முகத்தையும் வைத்து ‘நீ இந்த நாட்டுக்காரன் இல்லை’ என்று சொல்லப்பட்ட இனம் நாம். அந்தச் சொல்லை நாம் இன்னொருவர் மேல் எறிவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். ‘பெங்கால் ஆள் 14’ என்ற வரியை அடித்துவிட்டு, அதன் கீழே பதினான்கு வரி எழுதுங்கள். பெயர், அப்பா பெயர், ஊர், மாவட்டம், வீட்டுச் செல்போன் எண், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, கையெழுத்து. பக்கத்திலேயே உங்கள் ஊர்ப் பெண்களின் பெயர்களும் அதே கட்டங்களில் வரட்டும். தொழிலாளர் துறையின் இணையதளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பதிவு இருக்கிறது. அதற்குக் கேட்கப்படுவதும் ஏறத்தாழ இந்த விவரங்கள்தான். காவல் நிலையத்திலிருந்து வந்து கேட்டால் நோட்டைக் காட்டலாம். மேஸ்திரி கூலியைக் குறைத்தால் நோட்டு பேசும். ஒருவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் எந்த ஊரில் யாருக்குச் செய்தி சொல்வது என்று தெரியும். எல்லையைக் காக்கிறவருக்கு வேண்டிய தகவலும், கூலியைக் காக்கிறவருக்கு வேண்டிய தகவலும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

எழுதும்போது தம்பியைக் கூட உட்காரவையுங்கள். பெயரைச் சரியாகக் கேட்டு எழுத வேண்டும் என்ற அக்கறை அவரைவிட யாருக்கு இருக்கும்?